பறணும் பெட்டகமும்



வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது பற்றிப் பேசுவதென்றால், ‘வேண்டாததை எறியுங்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ உள்ள ஓர் இல்லத்தரசியிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அங்கே ஓர் ஆணியானாலும் குறிகட்டுவான் துறையிலே படகேறி வந்த ஆணி. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே உடைந்த கதவின் பிணைச்சலும் ஓட்டை வாளியும் ‘ஒரு நாளைக்கு உதவும்’ என்று பறணில் ஏறின. இதனைக் கஞ்சத்தனம் என்று கொள்வது அறியாமை. ஊர்காவற்றுறைப் பக்கத்தார் பண்ணை வீதி வழியாக வண்டியில் வந்து போகின்றனர். ஆயினும் பழக்கம் அவர்களையும் விட்டபாடில்லை.

யாழ்ப்பாணத்து வழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகிறது. ஒல்லாந்தர் தொகுப்பித்து 1707ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. பறணில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை இவற்றுள் எதிலே சேர்ப்பது? எவரும் உரிமை கோருவதில்லை, எவரும் எறிவதுமில்லை. கலியாணத்துக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அவை வெளிச்சத்தைக் காணும்.

இக்காலத்தில் இன்னொரு தருணமும் வந்து சேர்ந்திருக்கிறது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பல ஊர்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். இரண்டு வார விடுமுறையில் வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, மூன்றே நாளில் ஒதுக்கிவிட்டுப் போக நினைக்கின்றனர். அவசரத்தில் முதலில் நெருப்புக்கு இரையாவது காகிதம். அதுவே கடைசியில் தொடவேண்டியது.

முற்றத்திலிருந்து தொடங்குங்கள். சிரட்டை, உடைந்த பானை, தகரப் பேணி, பழைய ரயர் ஆகியவற்றை ஐப்பசி மழைக்கு முன் அகற்றிவிட வேண்டும். டெங்கு நுளம்பு தேங்கிய தெளிந்த நீரை நாடுவது. முட்டை நுளம்பாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். நீரைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டை, நீரின்றியே பல மாதம் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது அதனாலேதான். நன்னீர் அரிதான தீவிலே மழைநீர்த் தாங்கியை அகற்றச் சொல்லுவாருண்டோ? நெருக்கமான வலையால் மூடினாற் போதும்.

அடுத்து, கண்ணாடி அலுமாரி. விருந்தினருக்கென்று முப்பது ஆண்டு காத்திருக்கும் கோப்பைகளை எடுத்து நீங்களே தேநீர் அருந்துங்கள். அந்த விருந்தினர் இனி வரமாட்டார்.

இப்பொழுது பெட்டகத்துக்கு வருவோம். காணி உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், தென்னிலங்கையில் கடை வைத்திருந்த பாட்டனாரின் பேரேடு, புகைப்படங்கள், அடியிலே ஓலைச்சுவடிக் கட்டொன்று. பத்தாண்டுக் காலம் இடையூறின்றி நிலத்தை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். போரினால் அகன்றிருந்தோர் இதனால் தம் நிலத்தை இழக்காதிருக்க 2016இல் தனிச்சட்டமொன்று இயற்றப்பட்டது. ஆயினும் வழக்கென்று வந்தால் சான்று காட்டியாகவேண்டும். மங்கிப்போன உறுதி ஒன்று அங்கே பேசும், சாம்பல் பேசாது.

ஓலைச்சுவடியோ வைத்தியமாயிருக்கலாம், சோதிடமாயிருக்கலாம். படிக்கத் தெரியாதென்பதால் அது குப்பையாகிவிடாது. 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களுடன் சுவடிகளும் அழிந்தன. அதன்பின் எஞ்சியவற்றிற் பல இத்தகைய வீட்டுப் பெட்டகங்களிற் கிடந்தவையே. அடுக்களைப் புகை படும் பறணில் வைத்த சுவடியைப் பூச்சி அவ்வளவாக அண்டியதில்லை. எரிவாயு அடுப்பு வந்தபின் அந்தக் காவலும் போயிற்று. ஒட்டிக்கொண்ட ஓலைகளை இழுத்துப் பிரிக்காதீர்கள், வெயிலில் உலர்த்தாதீர்கள். நிழலிலே காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது பழைய முறை. கைதேர்ந்தவரைக் கேட்டுச் செய்வது நன்று. 2005ஆம் ஆண்டில் தோன்றிய நூலக நிறுவனம் நூல்களோடு சுவடிகளையும் எண்ணிம வடிவில் பதிந்து வருகிறது. படமெடுத்தபின் சுவடி உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

உறுதிகளைப் பிளாஸ்ரிக் தாளில் ஒட்டி இறுக்குவது இப்போது வழக்கமாகி வருகிறது. அதனைப் பின்னர் பிரிக்க முடியாது; தளர்ந்த உறையே நல்லது. உப்புக் காற்றில் இரும்புப் பெட்டி துருவேறும். மரப்பெட்டியைக் கறையான் அண்டும். ஆதலால் எதனையும் நிலத்திலே வையாது கல்லின்மேல் உயர்த்தி, ஆண்டுக்கொரு முறை, தைப்பொங்கலுக்கு வீடு மெழுகும் நாளில் திறந்து பாருங்கள். புகைப்படத்தின் பின்புறத்தில் இன்னார் என்று பென்சிலால் எழுதுங்கள். தெரிந்த ஆச்சி உயிரோடிருக்கும்போதே எழுதுங்கள்.

உடன்பிறந்தார் நால்வர் நான்கு நாட்டிலிருந்தால், பெட்டகத்தில் உள்ளவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறித்து வையுங்கள்.