மருந்துக்கு அடங்காத கிருமி
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



நாம் மருத்துவர் அல்லோம். புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தர். எனினும், தில்லியில் வாழும் நம் குடும்பங்கள் யாவும் அறியவேண்டிய செய்தி ஒன்றைப் படித்தறிந்த அளவில் கூற முன்வந்துள்ளோம்.

‘ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்பது ஒரு கிருமியின் பெயர். நுண்ணோக்கியில் அது திராட்சைக் கொத்துப் போலத் தோன்றும். மக்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் மூக்கில் தீங்கின்றிக் குடியிருக்கும். தோலில் கீறல் கண்டால் உட்புகுந்து கட்டியாகும், சீழ் கட்டும். குருதியில் கலந்தாலோ உயிருக்கே இடையூறாம். சர்க்கரை நோயாளர் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

1928இல் இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், இக்கிருமியை வளர்த்த தட்டில் பூஞ்சை படிந்த இடத்தருகே கிருமிகள் அழிந்திருக்கக் கண்டார். பெனிசிலின் பிறந்த வரலாறு அதுவே. 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைத்து உண்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என அவர் எச்சரித்தார். கிருமிகளோ விரைந்து பழகின. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை அவை சுரந்தன. அந்நொதிக்கு அஞ்சாத மெதிசிலின் என்னும் மருந்து 1959இல் வந்தது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் வெளிப்பட்டது. மருந்து சென்று பற்றும் இடத்தையே கிருமி மாற்றிக்கொண்டது. பூட்டை மாற்றியபின் பழைய சாவி எதற்கு உதவும்? இதனை ‘எம்.ஆர்.எஸ்.ஏ.’ என்பர்.

நம் நாட்டின் நிலை யாது? 2008, 2009ஆம் ஆண்டுகளில் 15 பெரிய மருத்துவமனைகளில் எடுத்த இக்கிருமி மாதிரிகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 41 இவ்வினத்தவையாயிருந்தன. ஆறுதலும் உண்டு: வான்கோமைசின், லினெசோலிட் ஆகிய இரு மருந்துகளுக்கும் அவற்றுள் அடங்காதது ஒன்றும் இல்லை. தோல் நோய்க்கென இந்திய நிறுவனம் ஒன்று கண்ட லெவோநாடிஃப்ளாக்சசினுக்கு 2020இல் நம் அரசு ஒப்புதல் அளித்தது. கட்டியாயின், மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுதலே பலகால் முதற் சிகிச்சை. சீழைச் சோதித்து, எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என அறிந்து கொடுப்பதே முறை.

ஆயினும் புது மருந்துகள் அரிதாகவே வருகின்றன. உள்ளவற்றைக் காப்பது நம் கடன். 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இதனையே வலியுறுத்திற்று. 2014 மார்ச்சு முதல், குறிப்பிட்ட சில மருந்துகளை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயரையும், சீட்டெழுதிய மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது சட்டம்.

சட்டம் கடை வரைதான் வரும். வீட்டினுள் நாமே காவல். விடுப்புக் கிடைப்பதரிது, மருத்துவமனையில் வரிசை நீளம் என்று, கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்கி அலுவலகம் செல்வோர் நம்மிடையே பலர். தில்லிக் குளிரில் வரும் சளிக்கு இம்மருந்து பயன்படாது. அது பெரும்பாலும் வைரசால் வருவது. மருத்துவர் சொன்ன நாள்வரை உண்ணுவோம். கணக்கெழுதுவோர்க்கு மிச்சம் பிடித்தல் இயல்பு. மருந்தில் அது வேண்டா. எஞ்சியதை அண்டை வீட்டாருக்கு அளிப்பதும் ஈகையன்று. சோப்பினால் கை கழுவுவோம், புண்ணை மூடிவைப்போம், துவாலையும் சவரக் கத்தியும் ஒருவருக்கொன்றாக வைப்போம்.

இன்று நாம் வீணாக விழுங்கும் மாத்திரை, நாளை நம் பேரக் குழந்தைக்கு வேண்டும்போது வலுவிழந்து நிற்கக்கூடும். அக்குழந்தையின் பொருட்டேனும் அடக்கம் பேணுவோமாக.