செவென் மலையில் ஒரு சிரமதான முகாம்



உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் வந்து சேர்ந்த, முன்பின் அறியாத பத்துப் பதினைந்து பேரோடு ஒரு கிராமத்தில் தங்கி, காலையில் கடப்பாரையும் சம்மட்டியும் பிடித்து ஊருக்கு உபயோகமான ஒரு வேலையைச் செய்து, மாலையில் அந்த வேலையையும் அந்த ஊரையும் பற்றித் தாங்களே ஒரு சிறிய திரைப்படம் எடுத்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதை அந்த ஊராருக்கே போட்டுக் காட்டிவிட்டு வீடு திரும்புவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. சர்வதேசத் தொண்டர் முகாம் என்று அதற்குப் பெயர். கட்டிட வேலையும் காமிரா வேலையும் ஒரே முகாமில் சேர்ந்திருப்பது சமீப காலத்து ஏற்பாடுதான் என்றாலும், முகாம் என்ற ஏற்பாட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது.

அதைத் தோற்றுவித்தவர் பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். படிப்பால் அவர் இன்ஜினீயர். அவருடைய தந்தை அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ முதல் உலக யுத்தத்தின்போது ராணுவ வரி கட்ட மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். 1916-ஆம் ஆண்டில் பத்து மாத காலம் நடந்த வெர்டன் போரில் தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்கு, 1920-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சில நண்பர்களோடு அவர் போய்ச் சேர்ந்தார். அந்த நண்பர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள் என்பதுதான் விசேஷம். குண்டு விழுந்த பள்ளங்களைத் தூர்த்து, பாதையைச் செப்பனிட்டு, குடியிருக்க மரக்குடில்களைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அவ்வளவு பெரிய காயம் நான்கு வருஷத்தில் ஆறிவிடுமா? ஜெர்மானியரை அனுப்பிவிட வேண்டும் என்ற வற்புறுத்தல் எழவே, சில மாதங்களில் முகாமைக் கலைக்க நேர்ந்தது. செரசோல் மனம் தளரவில்லை. 1927-ஆம் ஆண்டில் ரைன் நதி உடைத்துக்கொண்டு லீக்டன்ஸ்டைன் நாட்டின் வயல்களில் கல்லையும் வண்டலையும் கொட்டியது; அவர் விடுத்த அழைப்புக்கு 1928-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கானோர் மண்வெட்டியோடு வந்தார்கள். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பீகாரைக் குலுக்கிய பூகம்பத்தின் செய்தி எட்டியதும் அவர் இந்தியாவுக்கே புறப்பட்டு வந்து, காந்தியடிகளைச் சந்தித்து, ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணியோடு சேர்ந்து, இடிந்த கிராமங்களை மறுபடி எழுப்பும் வேலையில் தம் தோழர்களோடு ஈடுபட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்! அவரைப் பற்றியே இந்த நேரம் முழுவதையும் பேசலாம்; ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

நான் சேர்ந்த முகாம் தென் பிரான்சில், செவென் என்னும் மலைப் பிரதேசத்தில் நடந்தது. அங்கே சமநிலம் கிடையாது. ஆகையால் அந்த மக்கள் பல நூற்றாண்டுகளாகச் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கற்சுவர் எழுப்பித் தாங்கல் கொடுத்து, சுவருக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, அந்தக் கீற்று நிலத்தில் செஸ்ட்நட் மரமும் முசுக்கொட்டையும் வளர்த்து ஜீவித்தார்கள். செஸ்ட்நட் கொட்டையை மாவாக்கியும் வேகவைத்தும் உண்டு குளிர்காலத்தைக் கடத்தினார்கள். ரொட்டி மரம் என்றே அதை அழைத்தார்கள். முசுக்கொட்டை இலையால் பட்டுப்புழு வளர்த்ததில் காசு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பட்டுப்புழுவுக்கு ஒரு கொள்ளை நோய் கண்டு, அதன் காரணத்தை ஆராய்வதற்காக 1865-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டரே அங்குள்ள அலெஸ் நகருக்கு வந்து தங்கினார் என்றால், அந்தத் தொழில் எத்தனை குடும்பங்களைத் தாங்கியது என்று ஊகித்துக்கொள்ளலாம். நோய்க்கு அவர் வழி கண்டார். எனினும் பழைய செழிப்பு திரும்பவில்லை. ஜனங்கள் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் இறங்கிப் போனார்கள். ஆள் இல்லாத மலையில் சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

சுவர் சரிந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இலையுதிர் காலத்தில் அந்த மலையில் மோதும்போது பெய்கிற மழை சாமானியமானதல்ல. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வல்லரோக் என்ற ஊரில் ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அத்தனை நீரையும் படிக்குப் படி நிறுத்தி, வேகத்தைத் தணித்து, மண்ணைப் பறிகொடுக்காமல் கீழே அனுப்பிவைப்பவை இந்தச் சுவர்கள்தாம். 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்தப் பிரதேசத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும், 2018-ஆம் ஆண்டில் பிரான்சு உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் சாந்தில்லாக் கற்கட்டுக் கலையைத் தனியே கௌரவித்ததும் பொருத்தமே.

சாந்தில்லாக் கட்டு என்றேன். சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, களிமண்கூட இல்லை. வெறும் கல்லின் மேல் கல். சாந்து பூசிக் கட்டினால் பின்னால் தேங்குகிற தண்ணீர் வெளியே வர வழியின்றி, தன் பாரத்தாலேயே சுவரைத் தள்ளிவிடும். சாந்தில்லாத சுவரோ எங்கும் சந்துகளாக இருப்பதால் நீரைத் தன் உடம்பு முழுவதாலும் கசியவிட்டு நிற்கிறது. முதலில் இடிந்த பகுதியை முழுவதும் பிரித்து, கற்களைப் பெரிது சிறிது என்று தரம் பிரித்துக் குவித்து, வாணம் தோண்டி, ஆகப் பெரிய கற்களை அடியில் இருத்தி, மலையை நோக்கிச் சற்றுச் சாய்வாக வரிசை வரிசையாக ஏற்ற வேண்டும். மேல் வரிசையின் சந்து கீழ் வரிசையின் சந்துக்கு நேரே வரக்கூடாது. இடையிடையே நீளக் கல்லைச் சுவருக்குள் ஆழமாகப் போகும்படி வைத்து, பின்புறத்தைச் சில்லுக் கற்களால் கையால் அடுக்கி நிரப்ப வேண்டும். கூடையோடு கொட்டினால் உதவாது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கொத்தனார்கள் இருந்தால் இவற்றையெல்லாம் நான் விளக்க அவசியமில்லை.

எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அந்த ஊர்க்காரரான வயோதிக மேஸ்திரி ஒருவர். அதிகம் பேசமாட்டார். எந்தக் கல்லையும் சுவரில் வைப்பதற்கு முன் சுத்தியலின் நுனியால் ஒரு தட்டுத் தட்டுவார். அவர் தட்டிய பின் சில கற்கள் சுவருக்குப் போகும். சில, பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், உடைக்கிற குவியலுக்குப் போகும். முதலிரண்டு நாள் எங்களுக்கு இதன் சூட்சுமம் புரியவில்லை. தொழிலால் நான் ஒலிப்பதிவாளன். ஆவணப் படங்களுக்கு ஒலி சேர்ப்பதே என் பிழைப்பு. ஆகையால் அந்தத் தட்டலை ஹெட்போன் வழியாகக் கேட்டுப் பார்த்தேன். நேயர்களே, முழுக் கல்லின் குரலும் உள்ளே கீறல் விட்ட கல்லின் குரலும் ஒன்றல்ல! செவென் மலையின் கல் ஏடு ஏடாகப் பிளக்கும் சுபாவம் உள்ளது. உள்ளே பிளவில்லாத கல் ‘கிண்’ என்று தெளிவாக நாதம் கொடுத்து, அந்த நாதம் கண நேரம் நின்று அடங்குகிறது. கீறல் விட்ட கல் ‘தொப்’ என்று சொல்லி அப்போதே ஓய்ந்துவிடுகிறது. அந்த மனிதர் அறுபது வருஷமாகக் கண்ணால் பாதியும் காதால் பாதியுமாகச் சுவர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். செக் நாட்டுப் பெண் ஒருத்தியும் கொரியா தேசத்து மாணவன் ஒருவனும் ஒரு கனமான கல்லைச் சிரமப்பட்டுத் தூக்கி வரிசையில் இறக்கினார்கள். அவர் திரும்பாமலே, “ஆடுகிறது” என்றார். கையை வைத்து அழுத்திப் பார்த்தால், மயிரிழை அளவு ஆடத்தான் செய்தது. சில்லு ஒன்றை அடியில் முட்டுக் கொடுத்து மறுபடி இறக்கினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அங்கே பாராட்டு. பிற்பாடு பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, முதல் முறை கல் இறங்கிய ஓசைக்குப் பின்னால் மிக மெல்லிய ஒரு ‘டக்’ இருப்பதையும், இரண்டாம் முறை அது இல்லாததையும் நானும் கண்டுகொண்டேன்.

இதை ஏன் இத்தனை விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் படத்தின் போக்கையே இந்தத் தட்டல்தான் தீர்மானித்தது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் மலையையும் மேகத்தையும் அஸ்தமனத்தையும் எடுக்கவே ஆவல். ஆகாயத்திலிருந்து படம் பிடிக்கும் டிரோன் ஒன்றை ஒருவர் கொண்டுவந்திருந்தார். அதன் படங்கள் அழகாகவும் இருந்தன. ஆனால் ஒரு வாரம் காலையெல்லாம் கல் சுமந்து, விரல் நுனிகள் கன்றிப்போன பிறகு, அதே கைகள் மாலையில் காமிராவை எடுத்தபோது வேறு இடங்களுக்குப் போயின. எந்தக் கல்லை மேஸ்திரி தட்டப் போகிறார், தட்டிவிட்டு எந்தப் பக்கம் திருப்பப் போகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்து குளோசப்பை அங்கே தயாராக வைத்திருந்தான் அந்தக் கொரிய மாணவன். வேலை தெரியாத காமிராக்காரன் எத்தனை திறமைசாலியாக இருந்தாலும், தட்டல் முடிந்த பிறகுதான் அவன் லென்சு அங்கே போய்ச் சேரும்.

ஆவணப் பட உலகில் பேர் பெற்ற ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, கற்சுவர்களுக்குப் பிரசித்தமான அயர்லாந்தின் அரன் தீவுகளில் எடுத்து 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மேன் ஆஃப் அரன்’ படத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அலைகளை அவரைப் போலப் படமாக்கியவர் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அதில் வருகிற சுறா வேட்டை, வழக்கொழிந்து பல காலம் ஆன பின்பு, படத்துக்காகத் தீவினருக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட்டது. ஒலியும் பின்னால் சேர்க்கப்பட்டதே. மகத்தான அந்தக் கலைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கல்லடுக்கும் ஒருவரைப் பற்றிய படத்தில் அந்தக் கல்லின் நிஜமான குரல் இல்லாமற்போனால், பாதி மனிதர் இல்லாமற்போனதுபோல என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே படத்தொகுப்பின்போது பின்னணி இசை வேண்டுமா வேண்டாமா என்று பெரிய விவாதம் எழுந்ததில், வேண்டாம் என்ற கட்சியில் நான் பிடிவாதமாக நின்றேன். கிதார் வாசித்துத் தருவதாகச் சொன்ன ஸ்பெயின் தேசத்து நண்பருக்கு அதில் மனத்தாங்கல்தான். அவரைச் சமாதானப்படுத்தியது மழை. வேலை முடியும் தறுவாயில் ஒரு இரவு பெருமழை பெய்தது. சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, புதிதாக எழுப்பிய சுவரின் சந்தொன்றில் செருகி வைக்கலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தாம். காலையில் எடுத்து எல்லாருமாகக் கேட்டோம். மேலே மழையின் இரைச்சல். அதற்கு அடியில், சுவரின் வயிற்றுக்குள், சில்லுக் கற்களின் இடுக்கு இடுக்காக நீர் இறங்கிச் சொட்டுகிற நூற்றுக்கணக்கான தனித்தனி ஒலிகள்! கையால் அடுக்கியதன் பலன் அதில் கேட்டது. அதற்குப் பிறகு கிதார்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஊராரும் முதலில் காமிராவைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சுற்றுலா வருகிறவர்கள் எடுத்த படங்களில் அவர்களுக்கு அலுத்துவிட்டது. எங்கள் கைகளைப் பார்த்த பிறகுதான் பேசினார்கள். மூதாட்டி ஒருவர், தம் தாயார் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு, கீழ்ப்படிகளுக்கு அடித்துக்கொண்டு போன மண்ணைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே ஏற்றியதைச் சொன்னார். அந்தச் சம்பாஷணையில் ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் வெட்டவில்லை. ஊர்ச் சாவடியில் வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டபோது, மேஸ்திரி தம் தட்டல் ஒலியைப் பெரிதாகக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், “மூன்றாவது கல் சுமார்தான்” என்றாராம்.

எனக்கு அளித்த நேரம் முடிகிறது. சேர்வது எப்படி என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான முகாம்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை. நம் நாட்டில் இவற்றோடு தொடர்புள்ள தொண்டு ஸ்தாபனங்களின் மூலமாக விண்ணப்பிப்பதே சுலபம். பதிவுக் கட்டணமும் பிரயாணச் செலவும் நம்முடையவை. உணவும் தங்குமிடமும் முகாமில் கிடைக்கும். நாளுக்கு ஐந்து ஆறு மணி நேர வேலை. சமையல் முறை வைத்து எல்லாருக்கும் வரும். ஐரோப்பாவுக்கானால் விசாவுக்கு மாதக்கணக்கில் முன்னதாகவே முயல வேண்டும். நல்ல தோல் கையுறையும் கணுக்கால் மூடிய பூட்ஸும் அவசியம். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் சிலராவது வருகிற கோடையில் புறப்பட வேண்டும். முதல் வாரம் காமிராவைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுக் கல்லைத் தூக்க வேண்டும். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். திரும்பி வந்ததும் இந்த நிலையத்துக்கு எழுதினால், அந்த ஒலிகளை நேயர்களோடு சேர்ந்து கேட்க நான் ஆவலோடு காத்திருப்பேன்.