ஆறு மாதத் தவணை



ஆப்கானிஸ்தானத்தின் ஹெராத் நகரில் 1996-ஆம் ஆண்டு பிறந்தவர் சோனிதா அலிசாதே. போரினால் ஈரானுக்கு அகதியாகச் சென்ற அவருக்கு முறையான பள்ளி கிட்டவில்லை. தெஹ்ரானில் ஒரு தொண்டு நிலையத்தில் துப்புரவுப் பணி செய்துகொண்டே எழுத்தறிந்தார். 'ராப்' என்னும் தாளப்பேச்சுப் பாடல்களை எழுதலானார்.

அந்நாட்டு வழக்கப்படி மணமகன் வீட்டாரே பணம் தரவேண்டும். அண்ணனின் மணச்செலவுக்காக இவரை 9,000 டாலருக்கு மணமுடித்துத் தர வீட்டார் முனைந்தனர். இவரைப் படமெடுத்துவந்த பெண் இயக்குநர் 2,000 டாலர் கொடுத்து ஆறு மாதத் தவணை பெற்றார். பெண் தனித்துப் பாடத் தடையுள்ள அந்த ஈரானிலேயே, 2014-இல், கடைப்பொருளின் விலைக்கோடுகளை நெற்றியில் வரைந்து மணக்கோலத்தில் தம் மறுப்பைப் பாடினார் சோனிதா. அப்பாடல் உலகெங்கும் பரவியது. அமெரிக்கப் பள்ளியொன்று உதவித்தொகை அளித்து அழைத்தது; பின்னர்ப் பார்ட் கல்லூரியில் பட்டமும் பெற்றார்.

நம் தெருக்களிலும் பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தி மணம் பேசும் வீடுகள் உள. அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "இன்னும் ஈராண்டு பொறுங்கள், படிப்புச் செலவு சங்கத்தினுடையது" என்று நாம் தவணை கேட்போமாக. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த பணி அதுவே.