நரம்பு தேடும் கை



தலைமை உரை நீண்டால் குறைவது கட்டுரை வாசிப்பவர்களின் நேரம். பல கருத்தரங்குகளில் கீழே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நான் கற்ற பாடம் அது. ஆகவே ஒரு படம், அதில் ஒரு நடிகர், அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெக்சிகோ இயக்குநர் அலெஹாந்த்ரோ கொன்சாலெஸ் இன்யாரிட்டு ஸ்பெயினின் பார்சிலோனாவில் எடுத்து 2010இல் வெளியிட்ட ‘பியூட்டிஃபுல்’ அந்தப் படம். தலைப்பில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேண்டுமென்றே பிழையாக இருக்கும். அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று மகள் ஆனா கேட்க, காதில் விழுகிறபடியே எழுது என்கிறார் அப்பா உக்ஸ்பால். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் செய்யும் தொழிலுக்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று உண்டு: கங்காணி. சீனத் தொழிலாளர்கள் பட்டறையில் போலிக் கைப்பைகள் தைக்கிறார்கள். செனகல் நாட்டு இளைஞர்கள் நடைபாதையில் விற்கிறார்கள். போலீஸ்காரருக்கு மாமூல் போகிறது. இடையில் நிற்பவர் உக்ஸ்பால். மனைவி மாராம்ப்ராவுக்கு மனநோய். இரண்டு சிறு பிள்ளைகள். இந்த நிலையில், புற்றுநோய் முற்றிவிட்டது, இருப்பது சில மாதங்கள்தான் என்கிறார்கள்.

முதல் முறை பார்த்தபோது எனக்குப் படம் பிடிக்கவில்லை. துன்பத்தை மூட்டை மூட்டையாக இறக்குகிறார் இயக்குநர். போதாததற்கு, இறந்தவர்களோடு பேசும் சக்தி வேறு உக்ஸ்பாலுக்கு. இரண்டரை மணி நேரத்தில் பாதியைக் கழித்திருக்கலாம் என்பதே இன்றும் என் எண்ணம். ஆனாலும் மறுபடி மறுபடி பார்க்கிறேன் என்றால், காரணம் உக்ஸ்பாலாக நடித்த ஹாவியர் பார்டெம்.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. நான்கும் உக்ஸ்பாலுக்கு உண்டு. அவர் அழவும் செய்கிறார். என்னைக் கட்டிப்போடுவது என்னவோ அவர் அழாத இடங்கள். குளிரில் நிலவறையில் படுத்துறங்கும் சீனத் தொழிலாளர்களுக்காக கேஸ் ஹீட்டர் வாங்கப் போகிறார். அவர் பொல்லாதவர் இல்லை; அக்கறையோடுதான் போகிறார். ஆனால் வாங்குவது மலிவு சரக்கு. அந்த இரவு நிலவறையில் உறங்கியவர்கள் நச்சுவாயுவில் மாண்டுபோகிறார்கள். அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அதற்குப் பிறகு பார்டெமின் தோள்களைக் கவனியுங்கள். ஒரு தகப்பன் காசைச் சேர்த்துவைக்க நினைத்தது எங்கே போய் முடிந்தது என்பதை அவை சுமக்கின்றன.

அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். பார்டெமோடு பெற்றவர் இத்தாலியின் எலியோ ஜெர்மானோ. ‘லா நோஸ்த்ரா வித்தா’ படத்தில் அவர் ஏற்றதும் மனைவியை இழந்து பிள்ளைகளோடு தடுமாறும் கட்டடத் தொழிலாளி வேடம். இரண்டு பரிசும் அல்லாடும் அப்பாக்களுக்கே போயின! பின்னர் ஆஸ்கரின் சிறந்த நடிகர் பரிந்துரையில் பார்டெம் பெயர் வந்தது. முழுக்க ஸ்பானிய மொழியில் அமைந்த நடிப்பு அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை.

இந்த அவையிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நம் ஆய்வுக் கட்டுரைகளில் இயக்குநர் இருக்கிறார், ஒளிப்பதிவு இருக்கிறது, கோட்பாடு கொட்டிக் கிடக்கிறது. நடிகர் என்ன செய்தார் என்ற இடம் வந்ததும் ‘பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்’ என்று ஒரு வரி எழுதித் தப்பித்துக்கொள்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். கை என்ன செய்தது, மூச்சு எங்கே நின்றது என்று எழுதுவது கடினம். அதற்குப் பத்து முறை பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எழுதிப் பார்த்தேன். மருத்துவமனையில் செவிலியர் இரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் தடுமாறுகிறார். உக்ஸ்பால் ஊசியைத் தாமே வாங்கி, தம் கையில் தாமே குத்தி எடுத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் போதை ஊசி போட்டுக்கொண்ட கை அது என்பதை வசனத்துக்கு முன்பே பார்டெமின் விரல்கள் சொல்லிவிடுகின்றன. அவசரமும் இல்லை, வெட்கமும் இல்லை, பழகிய வேலை.

முதல் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார். அதற்குள் அந்தக் காட்சியைத் திரையிடச் சொல்லியிருக்கிறேன், ஒலியும் துணையெழுத்தும் இல்லாமல். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். அங்கிருந்து விரல்கள் தெரியாது.