முதல் கேமரா: பாடியா, லென்ஸா?

நிறைய பேர் கேட்ட கேள்வி: "பறவையும் எடுக்கணும், ஊரும் சுத்தணும். முதல் கேமரா எது வாங்கலாம்?" மாடல் பேரை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, தனுஷ்கோடியை மனசுல வச்சு யோசிப்போம்.

குளிர்காலத்துல அங்க பூநாரைகள் வரும். 2025 ஜூனில் அந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைத் தமிழக அரசு பூநாரை சரணாலயமா அறிவிச்சது. பறவைகள் ஆழமில்லாத தண்ணிக்கு நடுவுல, ரொம்ப தூரத்துல நிக்கும். நாம கிட்டப் போனா மேயறதை விட்டுட்டுப் பறந்துடும். அவ்வளவு தூரம் வந்த பறவைக்கு அந்தத் தீனி முக்கியம். அதனால, கிட்டப் போகிற வேலையை லென்ஸ்தான் செய்யணும்.

பட்ஜெட்டில் பெரும்பங்கை லென்ஸுக்கு ஒதுக்குங்க. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பாடி போதும். செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்ல. அதில் 400 மிமீ லென்ஸ் போட்டா, ஃபுல் ஃபிரேமில் 600 மிமீ காட்டுற அளவுக்கு நெருக்கமா தெரியும். 1964 புயலில் சிதைஞ்ச சர்ச், பாம்பன் பாலம் இதுக்கெல்லாம் உங்க போனே போதும்.

ரெண்டு எச்சரிக்கை. அங்க உப்புக் காத்தும் மணலும் ஜாஸ்தி; வெட்டவெளியில லென்ஸ் மாத்தாதீங்க. வெதர் சீலிங் பாடியில மட்டும் இருந்தா பத்தாது, லென்ஸிலும் இருக்கணும். அடுத்தது, வெயில் ஏறிட்டா கானல் அலையில எவ்வளவு விலை லென்ஸும் படத்தைக் குழப்பிடும், விடியக்காலையிலேயே போயிடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பாருங்க. கழுத்துல தொங்குற சுமையைத் தாங்க முடிஞ்சா, அப்புறம் இஎம்ஐ சுமையைப் பத்தி யோசிக்கலாம்.