அந்திம காலத்தில் அருகிருப்போம்

(தோட்டச் சமூக மண்டபமொன்றில் ஆற்றிய உரை)

   

பிறப்பைப் பற்றிப் பேசினால் மகிழ்ந்து கேட்கின்றோம். இறப்பைப் பற்றிப் பேசினால், "நல்ல நேரத்தில் ஏன் இந்தப் பேச்சு?" என்று முகம் சுளிக்கின்றோம். ஆயினும், அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். பேசாமல் விட்டதனால் விளைந்த துன்பத்தை என் குடும்பத்திலேயே கண்டவன் நான்.

சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. என் சின்னத் தாத்தா இளமையில் அங்கே, செம்பவாங் வட்டாரத்தில், பால்மரம் சீவியவர். தோட்டங்கள் மறைந்து, அடுக்குமாடி வீடுகள் எழுந்தபின் நகரில் கூலி வேலை செய்தார். மனைவியும் மறைந்தார், மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். எனவே, இறுதி ஆண்டுகளை முதியோர் இல்லத்தில் கழித்தார். புற்றுநோய் முற்றியது. வலியை வெளியில் சொல்லாமல் பல்லைக் கடித்துப் பொறுத்தார். நாங்களும் கேட்கவில்லை. மூச்சுத் திணறியபோதெல்லாம் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் முறை சென்றவர் திரும்பவில்லை. மூக்கில் குழாயுடன், முன்பின் அறியாதவர் நடுவில் அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய உடைமைகளைப் பெற்றுவர அந்த இல்லத்திற்கு நான் சென்றேன். அடுத்த கட்டிலில் இருந்த பெரியவருக்கும் அதே நோய்தான். ஆனால், அவர் முகத்தில் வேதனை இல்லை. காலை நான்கரை மணிக்குத் தமக்கு ஒரு வாய் கட்டங்காப்பி தருகிறார்கள் என்றார். "பெரட்டுக்குப் போன பழக்கம், தம்பி, அந்த நேரத்திற்கு விழிப்பு வந்துவிடுகிறது" என்றார். அவர் மகள் காலத்தோடு மருத்துவரிடம் பேசியிருந்தார். வாரந்தோறும் ஹாஸ்பிஸ் தாதி இல்லத்திற்கே வந்து மருந்தளித்தார். பெரியவரின் விருப்பங்களும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒரே இல்லம், ஒரே நோய், முடிவுகளோ இரண்டு. அந்த வேறுபாட்டிற்குக் காரணம் பணம் அன்று. உரிய காலத்தில் நடந்த ஒரு பேச்சுதான்.

ஹாஸ்பிஸ் என்றால் என்ன? குணப்படுத்த இயலாத நோயுற்றவரின் வலியையும் வேதனையையும் தணித்து, எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிக்கச் செய்யும் பராமரிப்பே அது. "தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?" என்று கைவிடுவதன்று. நோயைத் தீர்க்க முடியாதபோதும் நோயாளிக்குச் செய்ய வேண்டியவை நிறைய உண்டு என்பதே அதன் அடிப்படை. தாதியாகப் பணியாற்றிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967ஆம் ஆண்டில் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே நோக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார்.

சிங்கப்பூரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சைனாடவுனில் சாகோ லேன் என்றொரு தெரு. உறவற்ற ஏழைச் சீன முதியவர்கள் மரணத்தை எதிர்நோக்கிப் படுத்துக் கிடந்த வீடுகள் அங்கே இருந்தன. 1961ஆம் ஆண்டில் அவை தடை செய்யப்பட்டன. ஆனால், ஆதரவற்ற முதியோரின் இறுதி நாள்கள் என்ற கேள்வி தடையினால் மறைந்துவிடுமா? 1985ஆம் ஆண்டில் ஜூரோங்கிலுள்ள புனித ஜோசப் முதியோர் இல்லத்தில் 16 படுக்கைகள் இத்தகைய நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டன. அந்நாட்டின் ஹாஸ்பிஸ் பணி முதியோர் இல்லமொன்றில் தொடங்கியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பின்னர், தொண்டூழியர்களின் முயற்சியால் 1989ஆம் ஆண்டில் ஹாஸ்பிஸ் பராமரிப்புச் சங்கம் அமைந்து, நோயாளியின் இல்லம் தேடிச் சென்று உதவும் பணி வளர்ந்தது. தேக்காவிலிருந்து தொலைவில்லாத டான் டோக் செங் மருத்துவமனை, 2009ஆம் ஆண்டில் தாதிமை இல்லங்களுக்கே இப்பராமரிப்பைக் கொண்டு செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. சிங்கப்பூரில் நூற்றுக்கு 61 மரணங்கள் மருத்துவமனையில் நிகழ்ந்து வந்தன. ஐந்தாண்டுகளில் அதனை 51 ஆகக் குறைப்பது நோக்கமென்று 2023ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது.

பெருமக்களே! நம்மிடையே மார்பின் என்ற மருந்தைப் பற்றிப் பேரச்சம் நிலவுகிறது. "அபினிலிருந்து வருவது, அடிமையாக்கிவிடும், கொடுத்தால் உயிர் போய்விடும்" என்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலேயே மார்பின் இடம்பெற்றது. மருத்துவர் அளவறிந்து, வலிக்கேற்பத் தரும்போது அது வேதனையைத் தணிக்கும், உயிரைப் பறிக்காது. மலச்சிக்கல் உண்டாகலாம், அதற்கும் மருந்து உண்டு. அதனை நாமாகக் கூட்டவோ, குறைக்கவோ, திடீரென நிறுத்தவோ கூடாது.

மற்றொரு செய்தி. இறுதி நாள்களில் பசியும் தாகமும் தாமாகவே குறையும். "பட்டினியாகப் போகிறாரே" என்று வற்புறுத்தி ஊட்டுவது அன்பாகத் தோன்றினும், புரையேறித் துன்பமே தரும். தூய துணியை நீரில் நனைத்து உதட்டையும் வாயையும் ஈரப்படுத்துங்கள். படுக்கைப்புண் வாராதிருக்க, இரண்டு மணி நேரத்திற்கொருமுறை மெல்லத் திருப்பிப் படுக்க வையுங்கள். பேச்சு நின்றபின்னும் செவி கேட்கக்கூடும். எனவே, அருகிருந்து அன்பாகப் பேசுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, முதியவர் தெளிவாக இருக்கும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு எங்கே வலிக்கிறது? எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? யாரைக் காண ஆசை? உங்களால் பேச முடியாமற் போனால், உங்களுக்காக யார் பேச வேண்டும்? விடைகளைக் குடும்பத்தார் அனைவரும் அறியட்டும். மருத்துவரிடமும், பெரியவர் இல்லத்தில் இருந்தால் அங்குள்ள தாதியிடமும் கூறுங்கள்.

நம் நாட்டிலும் 1991ஆம் ஆண்டு முதல் ஹாஸ்பிஸ் மலேசியா என்னும் அமைப்பு கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இப்பணி ஆற்றி வருகின்றது. பினாங்கு முதலிய இடங்களிலும் இத்தகைய தொண்டமைப்புகள் உள்ளன. உங்கள் வட்டாரத்தில் இப்பராமரிப்பு எங்குக் கிடைக்கும் என்று அரசாங்க மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ தயங்காமல் கேளுங்கள். கேட்பது பிள்ளைகளுக்கு இழுக்கன்று. பெற்றோரை இல்லத்தில் விட்டவர்களும் குற்ற உணர்வினால் ஒதுங்கி நிற்க வேண்டா. சென்று அமருங்கள், கையைப் பற்றிக் கொள்ளுங்கள்.

விடியுமுன் எழுந்து, மழையிலும் கொசுக்கடியிலும் நம்மை ஆளாக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய கடைசி விடியலில் ஒரு வாய் கட்டங்காப்பியும் வலியற்ற மூச்சும் கிடைக்கச் செய்வது நம் கடமையன்றோ? என் சின்னத் தாத்தாவிடம் நான் கேட்கத் தவறியதை நீங்கள் இன்றே உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்.