புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின்...
(அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை அகற்றிக்கொண்ட சிலர், "எடுத்தாச்சு, முடிஞ்சது" என்று இருந்துவிடுகிறார்கள். கூச்சத்தால் பிள்ளைகளிடமும் சொல்வதில்லை. ஆனால் சிலருக்கு நோய் திரும்புகிறது. யாருக்கு அந்த வாய்ப்பு அதிகம் என்பதை ஓரளவு முன்கூட்டியே அறியலாம்.

அகற்றிய சுரப்பியைச் சோதித்துத் தரும் அறிக்கையை வைத்து மருத்துவரிடம் கேளுங்கள்: கிளீசன் மதிப்பெண் எவ்வளவு? 6 என்றால் வீரியம் குறைவு. 8 முதல் 10 வரை அதிகம். வெட்டிய ஓரத்தில் புற்றணுக்கள் இருந்தனவா? சுரப்பியின் உறையைத் தாண்டியதா? விந்துப்பைக்கோ நிணநீர் முடிச்சுக்கோ பரவியதா? அறுவைக்கு முன் பி.எஸ்.ஏ. அளவு என்ன?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் புரதம். சுரப்பியே போன பிறகு, 6 முதல் 8 வாரங்களில் அது இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். பின்னர் 0.2-ஐத் தொட்டு, மறுசோதனையும் அதை உறுதிசெய்தால் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். அப்போது பெரும்பாலும் வலி எதுவும் தெரியாது. 0.5-ஐ எட்டுமுன் கதிர்வீச்சு கொடுத்தால் பலன் கூடுதல். குறுவை நடவு, சம்பா அறுப்பு என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

அறிக்கையைக் குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். மகன்மார்களே, அத்தாவின் பரிசோதனைத் தேதியை நீங்கள் குறித்து வையுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், வருகிறோம்.

துஆவும் செய்வோம், பரிசோதனையையும் தவறவிடாதிருப்போம். வஸ்ஸலாம்.